ஹைட்ராலிக் வால்வு லிஃப்டர் மாற்றுதல்: சத்தம் கேட்டது முதல் இன்ஜின் கிளம்பும் வரை

டேப்பட் கவரைத் திறந்து பார்த்திருப்பீர்கள், ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருப்பீர்கள், ஆனால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை வெளியே எடுத்ததில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூரில் நான் வேலை பார்க்கும் ஷெட்டுக்குத் தொழில் பழக வரும் தம்பிகள் இந்த வேலையில் தடுமாறும் இடங்கள் வருடா வருடம் அதேதான். ஹைட்ராலிக் லிஃப்டர் என்பது கேமுக்கும் வால்வுக்கும் நடுவே விழும் இடைவெளியை ஆயிலால் தானே நிரப்பிக்கொள்ளும் சின்ன உருளை. அதைக் குழியில் இறக்குவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை விட்டுவிடுகிறார்கள், அதற்குப் பின்னால் காத்திருக்க மறுக்கிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு நான்கு சிலிண்டர், 16 வால்வு, மேலே இரண்டு கேம்ஷாஃப்ட் உள்ள இன்ஜினை வைத்துக்கொள்கிறேன். போல்ட் இறுக்கும் அளவும் டைமிங் (கிராங்க்கும் கேமும் ஒத்துச் சுற்றும் நிலை) பூட்டும் முறையும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். அந்த இரண்டுக்கும் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

1. உங்கள் இன்ஜினில் இருப்பது எந்த வகை

எல்லா இன்ஜினிலும் ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்காது. மாருதியின் கே10பி, கே12பி பெட்ரோல் இன்ஜின்களில் இருப்பது வெறும் இரும்பு பக்கெட். கேமுக்கும் பக்கெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, சரியான கனமுள்ள பக்கெட்டைத் தேர்ந்து போட வேண்டும். அதில் ஆயில் நிரப்பும் வேலையே கிடையாது. பழைய அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினில் கேம் கீழே பிளாக்கில் இருக்கும். புஷ்ராடும், ராக்கரில் திருகி இடைவெளி வைக்கும் டேப்பட்டும் உண்டு.

ஸ்விஃப்ட், டிசையர் டீசல்களில் வந்த 1248 சி.சி. மல்டிஜெட் இன்ஜினில் ஹைட்ராலிக் லிஃப்டர் உண்டு. லிஃப்டர், சிலிண்டர் ஹெட்டில் ஒரு குழியில் நிற்கும். அதன் உருண்டைத் தலைமேல் ராக்கர் ஆர்மின் ஒரு முனை உட்காரும், மறுமுனை வால்வின் தண்டுமேல் இருக்கும், நடுவில் உள்ள ரோலரைக் கேம் அழுத்தும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த அமைப்பைப் பற்றியது. வேறு சில கார்களில் கேமுக்கு நேர் கீழே பக்கெட்டுக்குள்ளேயே ஹைட்ராலிக் அமைப்பு இருக்கும். வேலையின் வரிசை அதற்கும் ஏறக்குறைய இதேதான்.

உள்ளே நடப்பதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்டருக்குள் ஒரு பிளஞ்சர், அதற்கு அடியில் ஸ்பிரிங், ஒரு சின்ன அடைப்புக் குண்டு. ஹெட்டிலிருந்து வரும் ஆயில் குண்டைத் தாண்டிக் கீழறைக்குள் போகிறது. கேம் அழுத்தும்போது குண்டு வழியை அடைக்கிறது. ஆயில் சுருங்காது என்பதால் லிஃப்டர் அந்த நொடியில் கெட்டியான கம்பி போல நின்று வால்வைத் திறக்கிறது. பிளஞ்சருக்கும் சுவருக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். அதன் வழியே கொஞ்சம் ஆயில் கசியும். அந்தக் கசிவு வேண்டுமென்றே வைத்தது. 8-ஆம், 11-ஆம் படிகளில் சொல்லப்போவது முழுக்க இந்தக் குண்டையும் கசிவையும் பற்றியதுதான்.

2. சத்தம் லிஃப்டரில்தானா என்று முதலில் பாருங்கள்

இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது சில நொடி டிக் டிக் என்று கேட்டு அடங்கினால் அதற்காக ஹெட்டைத் திறக்காதீர்கள். வடிந்த ஆயில் திரும்ப நிரம்பும் நேரம் அது. சூடான பிறகும் நிற்காத சத்தம்தான் நம் கவலை.

டிப்ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் குறைந்தாலும் சத்தம் வரும், அளவுக்கு மேல் ஊற்றினாலும் வரும். மேலே ஏறிய ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருக்கிறது, காற்று சுருங்கும், லிஃப்டர் கெட்டியாக நிற்காது.

அடுத்து ஆயிலின் தரம். வேலூர் வெயிலுக்கு ஆயில் தண்ணீராகிவிடும் என்று பயந்து, 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றிக்கொண்டு வருபவர்கள் நிறைய. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டினாலும், ஓடும் இன்ஜினுக்குள் ஆயில் அதைவிட இருமடங்குக்கு மேல் சூட்டில்தான் இருக்கிறது. வெளி வெயிலால் அங்கே பெரிய மாற்றம் இல்லை. கெட்டியான ஆயில் காலையில் லிஃப்டரின் நுண்துளைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும் என்பதுதான் மிச்சம்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு, டீசலில் இன்ஜெக்டரின் தட்டல், தளர்ந்த ஸ்பார்க் பிளக் ஆகியவையும் காதை ஏமாற்றும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை டேப்பட் கவரின் ஒவ்வொரு போல்ட்மேலும் வைத்துக் கேளுங்கள். பெல்ட்டும் ஃபேனும் பக்கத்தில் சுற்றுகின்றன. சட்டைக் கையும் கழுத்துத் துண்டும் ஜாக்கிரதை.

கடைசியாக ஆயில் பிரஷர். டேஷ்போர்டு விளக்கு அணைந்திருப்பது போதாது. பிரஷர் சுவிட்சைக் கழற்றி அங்கே கேஜ் மாட்டி, இன்ஜின் சூடானபின் மேனுவல் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். பிரஷர் குறைவு என்றால் புது லிஃப்டர் வாங்கி எந்தப் பயனும் இல்லை. ஆயில் பம்ப், சம்ப்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) உள்ள வடிகட்டி, பேரிங் என்று கீழே போக வேண்டிய வேலை அது.

3. வாங்கி வைக்க வேண்டியவை

லிஃப்டரை முழு செட்டாக வாங்குங்கள். சத்தம் ஒன்றில்தான் கேட்கும். ஆனால் மற்ற 15-ம் அதே ஆயிலில், அதே காலம் ஓடியவை. திறக்கும் கூலி ஒருமுறைதான் என்பதால் செட்டாகப் போடுவதே லாபம். வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் சொல்லி வரவழைக்கலாம். புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்குவது கதவுக்கும் பம்பருக்கும் சரி. லிஃப்டருக்கு வேண்டாம். அது எந்த இன்ஜினில் என்ன பட்டினி கிடந்தது என்று வெளியிலிருந்து தெரியாது.

டேப்பட் கவர் கேஸ்கட், கேம் ஆயில் சீல், ஆயில் ஃபில்டர், மேனுவல் சொல்லும் தரத்தில் ஆயில், புதிதாக மட்டுமே போட வேண்டிய போல்ட்கள் இருந்தால் அவையும். டீசலில் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டி வந்தால் அதன் செப்பு வாஷர்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்), உங்கள் இன்ஜினுக்கான டைமிங் பூட்டும் பின்கள், ஃபீலர் கேஜ், காந்தக் குச்சி, மூடியுள்ள சுத்தமான டப்பா ஒன்று.

கூடவே ஒரு முட்டை அட்டை. 30 குழி உள்ள அந்த அட்டை 16 லிஃப்டரையும் 16 ஆர்மையும் வரிசை மாறாமல் வைக்க எந்தக் கருவியையும்விட நல்லது. 30 போதாது என்பதால் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

4. இடத்தைத் தயார் செய்யுங்கள்

நம் ஊரில் இது தனிப் படி. ஆடிக் காற்றில் பாலாற்று மணல் கண்ணுக்குத் தெரியாமல் ஷெட்டுக்குள் வந்து படியும். பிளஞ்சர் இடைவெளியே சில மைக்ரான் என்று சொன்னேன். ஒரு மணல் துகள் போதும், பிளஞ்சர் சிக்கிக்கொள்ளும்.

கவரைத் திறப்பதற்கு முன்பே இன்ஜினின் மேல்பகுதியைக் கழுவி, காற்றடித்து உலரவிடுங்கள். தரையில் தண்ணீர் தெளியுங்கள். மேசை ஃபேனை நிறுத்திவிடுங்கள். வேலையைக் காலையில் தொடங்குவது நல்லது: இன்ஜின் ஆறியிருக்கும், காற்றும் எழுந்திருக்காது. துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் ஆயில் துளையில் போய் உட்காரும். நூல் பிரியாத துணி மட்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். காமன் ரெயில் டீசலில் ஓடும்போது எரிபொருள் பைப்பில் 1,000 பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும். இன்ஜினை நிறுத்தி, மேனுவல் சொல்லும் நேரம் பொறுத்து, அப்புறம்தான் அந்தப் பைப்பில் ஸ்பானர் வைக்க வேண்டும். திறந்த பைப் வாய்களை உடனே மூடுங்கள்.

5. டைமிங்கைப் பூட்டிவிட்டுக் கேமை எடுங்கள்

கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் ஓடும் திசையில் மட்டும் சுற்றி, டைமிங் குறிகளைச் சேருங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் செயின் தளர்ந்து பல் தாவ வாய்ப்புண்டு. பின்களைப் போட்டுப் பூட்டுங்கள். செயினிலும் ஸ்ப்ராக்கெட்டிலும் பெயிண்ட் பேனாவால் குறி வையுங்கள். போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். படம் இருக்கிறதே என்று குறியை விட்டுவிடக் கூடாது. படத்தில் கோணம் ஏமாற்றும்.

டென்ஷனரைத் தளர்த்தி ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றியபின் செயின் கீழே விழாமல் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள்.

கேம் கேப் போல்ட்களைக் கழற்றும் வரிசை: இரு ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு. ஒரு சுற்றில் அரைத் திருப்பு மட்டும். எல்லாம் தளர்ந்தபின் அடுத்த அரைத் திருப்பு. சில வால்வு ஸ்பிரிங்குகள் கேமைக் கீழிருந்து தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பக்கத்தை முழுதும் கழற்றிவிட்டால் கேம் வளைந்து நிற்கும், உடைந்தும் இருக்கிறது. ஏர் கன் வைத்துக் கழற்றுவது இந்த இடத்தில் கூடவே கூடாது.

கேப்களில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வைத்தே துளையிடப்பட்டது, இடம் மாற்றிப் போட்டால் கேம் இறுகும். மல்டிஜெட் போன்றவற்றில் தனித்தனிக் கேப் இல்லாமல் கேம்கள் இருக்கும் மேல் கூடு முழுதாக வரும். அதைத் தூக்கும்போது ஆர்ம் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வந்து வெளியே விழும். அடியில் ஒருவர் கை வைத்திருக்கட்டும்.

6. பழையதை எடுக்கும்போது படியுங்கள்

ஆர்மையும் லிஃப்டரையும் ஒவ்வொன்றாக எடுத்து முட்டை அட்டையில் வரிசையாக வையுங்கள். ஓரத்தில் சிலிண்டர் எண், இன்டேக்கா எக்ஸாஸ்ட்டா என்று எழுதுங்கள். லிஃப்டரைத்தான் புதிதாகப் போடப் போகிறோமே, வரிசை எதற்கு என்று தம்பிகள் கேட்பார்கள். இரண்டு காரணம். ஆர்ம்கள் திரும்பப் போகின்றன. ஒவ்வொன்றும் தன் கேம் லோபோடும் (கேமில் மேடான பகுதி) தன் வால்வோடும் தேய்ந்து பழகியவை. இன்னொன்று, கெட்ட லிஃப்டர்கள் எந்த இடத்தில் இருந்தன என்பது நோயைக் காட்டும்.

பிளஞ்சரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்லது கெட்டியாக நிற்கும். கெட்டது ஸ்பஞ்சு போல இறங்கும். இறங்குபவை அங்கங்கே சிதறி இருந்தால் தேய்மானம். ஹெட்டின் ஒரே கோடியில், ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் பக்கத்தில் வரிசையாக இருந்தால் ஆயில் வழி அடைத்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், லிஃப்டர் தானாகக் கெடுவது குறைவு. ஆயில் சேராமல் கெடுவதே அதிகம். எங்களிடம் வரும் டாக்சிகளில் பல, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்களை ஏற்றி இறக்குபவை. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே ஓடுகின்றன. கிலோமீட்டர் ஏறுவதில்லை, இன்ஜின் ஓடிய நேரம் ஏறிக்கொண்டே போகிறது. கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றுவதால், மாற்றும் நேரத்தில் அது கசடாகியிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் லிஃப்டரை மட்டும் மாற்றி அனுப்பினால் அதே சத்தத்தோடு திரும்ப வரும்.

கேம் லோபையும் ஆர்மின் ரோலரையும் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் குழியோ கீறலோ இருந்தால் அந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டும். ரோலர் சொரசொரப்பில்லாமல் சுற்ற வேண்டும்.

7. ஆயில் வழியைச் சுத்தம் செய்யுங்கள்

குழிகளைத் துடைத்து, அடியிலும் பக்கத்திலும் உள்ள ஆயில் துளைகளைத் தேடுங்கள். மென்மையான நைலான் பிரஷ், அப்புறம் குறைந்த அழுத்தத்தில் காற்று. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பிளாக்குக்கு ஆயில் இறங்கும் பெரிய ஓட்டைகளை முதலில் சுத்தமான துணியால் அடைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். எத்தனை துணி வைத்தீர்கள் என்று கவரின்மேல் எழுதி வையுங்கள். மூடும்போது அந்த எண்ணிக்கை திரும்ப வர வேண்டும்.

எமரி பேப்பர், கம்பி பிரஷ் இரண்டும் ஹெட்டுக்கு அருகில் வரக் கூடாது. பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள்.

கசடு நிறைய இருந்தால் சம்ப்பைக் கழற்றி ஆயில் வடிகட்டியைப் பாருங்கள். பழைய ஆயிலில் டீசலையோ மண்ணெண்ணெயையோ கலந்து ஓடவிட்டு வடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. அதைச் செய்யாதீர்கள். கட்டிக்கட்டியாகப் பெயர்ந்த கசடு அந்த வடிகட்டியைத்தான் அடைக்கிறது. பேரிங்குக்கு வேண்டிய வழவழப்பும் அந்தக் கலவையில் இல்லை.

8. புது லிஃப்டரைத் தயார் செய்தல்

அதிகம் பேர் தவறும் இடம் இது. முதலில் பெட்டியில் உள்ள தாளைப் படியுங்கள். பல லிஃப்டர்கள் தொழிற்சாலையிலேயே வேண்டிய அளவு ஆயில் நிரப்பி வருகின்றன. அவற்றை நீங்கள் மேலும் பம்ப் செய்தால் பிளஞ்சர் உச்சிக்கு ஏறி நின்றுவிடும். பொருத்தியதும் வால்வு மூடாமல் தொங்கும். அவற்றை நிமிர்ந்தபடியே வைத்திருந்து, வெளிப்புறத்தில் ஆயில் தடவி அப்படியே போடுங்கள். படுக்க வைத்தால் ஆயில் கசிந்து காற்று புகும்.

நிரப்பச் சொல்லியிருந்தால் இப்படிச் செய்யுங்கள். டப்பாவில் இன்ஜினுக்கு ஊற்றப் போகும் அதே புது ஆயிலை லிஃப்டர் மூழ்கும் அளவு ஊற்றுங்கள். சில கம்பெனிகள் முதலில் டீசலில் அலசச் சொல்கின்றன. சொன்னால் மட்டும், பம்ப்பிலிருந்து வந்த புது டீசலில். லிஃப்டரை மூழ்கடித்து, தலையில் உள்ள துளை வழியே மெல்லிய, முனை மழுங்கிய கம்பியை விட்டு அடைப்புக் குண்டை லேசாகத் தள்ளிப் பிடியுங்கள். ஓங்கிக் குத்தினால் குண்டு உட்காரும் இடம் கீறிவிடும், அப்புறம் அந்த லிஃப்டர் ஆயிலைத் தாங்காது. குண்டு விலகிய நிலையில் பிளஞ்சரை 5, 6 முறை மெதுவாக அழுத்தி விடுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை செய்யுங்கள். கம்பியை ஆயிலுக்குள் இருக்கும்போதே எடுக்க வேண்டும். வெளியே தூக்கிவிட்டு எடுத்தால் மறுபடி காற்று போகும்.

இப்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நின்றால் தயார். இறங்கினால் இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டாவது முறையும் இறங்கினால் அதைத் தனியே வைத்துக் கடைக்காரரிடம் மாற்றுங்கள்.

இரவே ஊற வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊறுவதால் வெளியே நனையும். கீழறையில் இருக்கும் காற்று குண்டுக்கு அடியில் அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும்.

எந்தக் காரணத்துக்காகவும் இரண்டு லிஃப்டரைப் பிரித்து ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றில் போடாதீர்கள். அவை ஜோடி பார்த்துச் சேர்க்கப்பட்டவை.

9. குழியில் இறக்குதல்

குழிச் சுவரில் ஆயில் தடவுங்கள். லிஃப்டர் விரல் அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்கி, கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். சிக்கினால் தட்டி இறக்காதீர்கள். எடுத்துப் பாருங்கள், குழி விளிம்பில் உலோகம் சிறிது பிசிறாகத் தூக்கியிருக்கும் அல்லது நூல் இருக்கும்.

ஆர்ம்களை அட்டையில் உள்ள அதே வரிசையில் வையுங்கள். லிஃப்டரின் உருண்டைத் தலை ஆர்மின் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மறுமுனை வால்வுத் தண்டின் நடுவில் இருக்கிறதா என்று டார்ச் அடித்து 16-ஐயும் பாருங்கள். சிலவற்றில் ஆர்மை லிஃப்டரோடு பிடிக்கும் கிளிப் இருக்கும். அதை வெளியிலேயே மாட்டி ஜோடியாக இறக்கலாம். ரோலரிலும் கேம் லோபிலும் ஆயில் தாராளமாக.

10. கேமைப் பூட்டுதல்

கேமை இறக்கும்போது சில லோபுகள் உடனே வால்வைத் திறக்கும். அந்த நேரத்தில் பிஸ்டன் உச்சியில் இருந்தால் வால்வு அதில் போய் இடிக்கும். எனவே கிராங்க் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று மேனுவலில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கேமைத் தொட வேண்டும். நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் உச்சியிலிருந்து 90 டிகிரி தள்ளி இருக்கும்போது நான்கு பிஸ்டனும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். பல மேனுவல்கள் இதைத்தான் கேட்கின்றன. கிராங்க்கைச் சுற்றினால் செயினை இழுத்துப் பிடித்தபடி சுற்றுங்கள், கீழே சுருண்டு சிக்கிவிடும்.

இறுக்கும் வரிசை கழற்றியதற்கு நேர் எதிர்: நடுவிலிருந்து ஓரத்துக்கு, அரைத் திருப்பாக. கேப் உட்காருவதற்கு ஒரு சில மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்திவிட்டு ஆர்ம்களை மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் ஆர்ம் சரிந்திருந்தால் இப்போது விரலால் சரிசெய்யலாம். முழுக்க இறுக்கிவிட்டால் ஆர்ம் உடையும், இல்லாவிட்டால் வால்வு வளையும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்சில் மட்டும். அலுமினிய ஹெட்டின் மரை ஒருமுறை போனால் லேத்துக்குத் தூக்க வேண்டியதுதான்.

செயின், டென்ஷனர், ஸ்ப்ராக்கெட் எல்லாம் மேனுவல்படி. பின்களை எடுத்துவிட்டீர்களா என்று இருவராகச் சரிபாருங்கள்.

சீலன்ட் போட வேண்டிய இடத்தில் மெல்லிய கோடு போதும். பிதுங்கி உள்ளே போவது உதிர்ந்து ஆயில் வழியில்தான் போய் நிற்கும்.

11. காத்திருங்கள்

கேமை இறுக்கியதும் கைகள் சாவியைத் தேடும். இங்கேதான் நின்றாக வேண்டும்.

நிரம்பிய லிஃப்டர்கள் இப்போது உயரமாக நிற்கின்றன. கேமும் வால்வு ஸ்பிரிங்கும் அழுத்த அழுத்த, அந்தச் சில மைக்ரான் இடைவெளி வழியே ஆயில் கசிந்து ஒவ்வொன்றும் தன் உயரத்துக்கு இறங்க வேண்டும். அதற்குள் இன்ஜினைச் சுற்றினால் வால்வு தேவைக்கு மேல் திறந்து பிஸ்டனில் படும். ஃபோக்ஸ்வாகன் மேனுவல்கள் சுமார் 30 நிமிடம் கேட்கின்றன. நான் ஒரு மணி நேரம் விடுகிறேன். அந்த நேரத்தில் கருவிகளைத் துடைத்து எண்ணி வைக்கலாம், ஃபில்டர் மாற்றி ஆயில் ஊற்றலாம், சாப்பிட்டு வரலாம்.

என்னோடு வேலை செய்த ஒரு தம்பி, வண்டிக்காரர் அவசரப்படுத்தினார் என்று பத்து நிமிடத்தில் செல்ஃப் அடித்துவிட்டான். ஒரே ஒரு டக். மூன்றாவது சிலிண்டரின் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வும் வளைந்து, ஹெட்டையே இறக்க வேண்டி வந்தது. அவன் அன்றைக்கு அதுவரை செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

காத்திருந்தபின் ஸ்பார்க் பிளக்கோ குளோ பிளக்கோ கழற்றிய நிலையில், நீளமான ரெஞ்ச்சால் கிராங்க்கை ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ரப்பர் போல வந்து விலகும், அது இயல்பு. கல்லில் முட்டியது போல நின்றால் அழுத்தாதீர்கள். சற்றுப் பின்வாங்கி இன்னும் அரை மணி விடுங்கள். மறுபடியும் அதே இடத்தில் நின்றால் டைமிங் தவறு என்று எடுத்துக்கொண்டு குறிகளைச் சரிபாருங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் டைமிங் குறிகளும் பின் துளைகளும் மீண்டும் நேராக வர வேண்டும்.

12. ஆயில் ஏற்றி முதல் ஸ்டார்ட்

உள்ளே வைத்த துணிகளை எண்ணி எடுத்து, கவரை மூடுங்கள். எரிபொருளை நிறுத்த ஃபியூயல் பம்ப் ஃபியூஸையோ இன்ஜெக்டர் கனெக்டரையோ கழற்றிவிட்டு, 10 நொடி செல்ஃப், ஒரு நிமிட ஓய்வு என்று ஆயில் விளக்கு அணையும்வரை செய்யுங்கள். ஆயில் மேலே ஏறிய பிறகு எரிபொருள் கொடுத்துக் கிளப்பினால் கேமும் ரோலரும் வறண்டு ஓடாது.

கிளம்பியதும் சத்தம் இருக்கும். பயப்பட வேண்டாம். பிரஷர் வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். சரியாக இருந்தால் ஐடிலிலிருந்து மெதுவாக 3000 ஆர்.பி.எம். வரை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். மிச்சக் காற்று இப்படித்தான் வெளியேறும். ஐடிலில் மட்டும் விட்டுவைத்தால் ஆயில் பிரஷர் குறைவாகவே இருக்கும், காற்று வெளியேற நேரமாகும்.

வேலைக்காகக் கூலன்ட்டை வடித்திருந்தால் கூலன்ட்டையே ஊற்றுங்கள். நம் பாலாற்றங்கரையில் போர் தண்ணீர் உப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் இன்னும் மோசம். ரேடியேட்டரை அது தின்றுவிடும்.

புஷ்ராட் இன்ஜினில் ரோலர் இல்லாத தட்டை லிஃப்டர் போட்டவர்களுக்கு இங்கே முறை வேறு. புது லிஃப்டரோடு புதுக் கேம், லோபில் பழக்கும் பேஸ்ட், கிளம்பிய உடனே ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.மில் 20 நிமிடம். இரண்டு உலோக முகங்களும் ஒன்றோடொன்று தேய்ந்து படிவது அந்த 20 நிமிடத்தில்தான்; அப்போது கேமுக்குத் தெறிக்கும் ஆயில் குறையக் கூடாது.

13. சத்தம் நிற்கவில்லை என்றால்

இன்ஜின் சூடாகி 20 நிமிடம் ஆன பிறகும் ஒரே இடத்தில் தட்டினால், கவரைத் திறந்து அந்த இடத்தைப் பாருங்கள். லோப் மேல் நோக்கியிருக்கும் நிலையில் ஆர்மை மரக்குச்சியால் லிஃப்டர் பக்கம் அழுத்துங்கள். எளிதாக இறங்கினால் அந்த லிஃப்டரில் காற்று மிச்சம், அல்லது குண்டு சரியாக அடைக்கவில்லை. எல்லா இடத்திலும் சத்தம் என்றால் லிஃப்டரை விட்டுவிட்டு ஆயில் பிரஷருக்குத் திரும்புங்கள். சத்தம் இல்லை, ஆனால் ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லை என்றால் அங்கே வால்வு மூடாமல் நிற்கலாம். கம்ப்ரஷன் கேஜ் மாட்டினால் தெரிந்துவிடும். லிஃப்டர் அதிகமாக ஏறியிருந்தால் ஓரிரவு விட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

முதல் ஓட்டம் காட்பாடி போய்த் திரும்பும் தூரம் போதும். அன்றைக்கே ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் ஏற்ற வேண்டாம். திரும்பியதும் கவர் ஓரத்தில் கசிவு பாருங்கள், ஆறியபின் டிப்ஸ்டிக் பாருங்கள். திறந்தபோது உள்ளே கசடு இருந்த வண்டி என்றால் 1,000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். கறுப்புக் கசடு மட்டும் இருந்தால் மிச்ச அழுக்கு வெளியேறுகிறது. பளபளக்கும் துகள் இருந்தால் கவரை மறுபடி திறந்து கேமைப் பார்க்க வேண்டும்.